‘இரட்சிக்கப்பட்டீர்களா?’ – சுவிசேஷக் கிறிஸ்தவர்கள் நம்புவது என்ன?

தருமபுரியிலோ கிருஷ்ணகிரியிலோ கிறிஸ்தவக் குடும்பத்துக்குப் பக்கத்து வீட்டில் வாழ்பவர் இந்தக் கேள்வியை எப்போதாவது எதிர்கொண்டிருப்பார்: “நீங்கள் இரட்சிக்கப்பட்டீர்களா?” கேட்டவர் ஆவலோடு முகத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார். கேட்கப்பட்டவருக்கு என்ன சொல்வதென்று தெரியாது. எதிலிருந்து இரட்சிப்பு? யார் இரட்சிப்பது? ஏற்கெனவே நடந்து முடிந்திருக்க வேண்டிய காரியத்தை விசாரிப்பது போல ஏன் கேட்கிறார்கள்? இந்த மூன்றுக்கும் விடை தெரிந்தால் சுவிசேஷ நம்பிக்கையில் பாதிக்கு மேல் விளங்கிவிடும்.

முதலில், யார் இவர்கள்? நம் பகுதியில் தேவாலயப் பெயர்ப்பலகைகள் பல விதம். கத்தோலிக்கர்களுக்குத் தருமபுரி மறைமாவட்டம் இருக்கிறது. 1997-இல் சேலத்திலிருந்து பிரிந்தது. சி.எஸ்.ஐ. எனப்படும் தென்னிந்தியத் திருச்சபை, பல புரொட்டஸ்டன்ட் சபைகள் இணைந்து 1947-இல் உருவானது. கிருஷ்ணகிரியில் லுத்தரன் சபைக்கு நூறாண்டு தாண்டிய வேர் உண்டு. அமெரிக்காவின் மிசௌரி லுத்தரன் சபை அனுப்பிய தியோடர் நேதர் 1895-இல் அங்கேதான் ஊழியத்தைத் தொடங்கினார். 1904-இல் பிளேக் நோய்க்குப் பலியானார். இவை போக பெந்தெகொஸ்தே சபைகள், வாடகைக் கட்டடத்தில் இயங்கும் சுயாதீன சபைகள், ஒசூர்ப் பக்கம் போனால் தெலுங்கிலும் கன்னடத்திலும் நடக்கும் ஆராதனைகள்.

சுவிசேஷம் என்றால் நற்செய்தி. சுவிசேஷக் கிறிஸ்தவம் (ஆங்கிலத்தில் ‘இவாஞ்செலிக்கல்’) என்பது இவற்றில் ஒன்றின் பெயர் அல்ல. புரொட்டஸ்டன்ட் சபைகள் பலவற்றின் ஊடாக ஓடும் ஒரு போக்கு அது. ஒரே சி.எஸ்.ஐ. ஆலயத்தில் பக்கத்துப் பக்கத்து இருக்கையில் அமர்ந்திருக்கும் இருவரில் ஒருவர் இந்தப் போக்கில் ஊறியவராகவும், மற்றவர் பரம்பரையாக வந்த வழக்கப்படி ஆலயத்துக்கு வருபவராகவும் இருக்கலாம். பெயர்ப்பலகையில் ‘இவாஞ்செலிக்கல்’ என்று எழுதியிருப்பதை மட்டும் வைத்து முடிவு கட்டவும் முடியாது. லுத்தரன் சபைகள் பதினாறாம் நூற்றாண்டிலிருந்தே அந்தப் பெயரைச் சுமந்து வருகின்றன. நாம் பேசும் போக்கு பதினெட்டாம் நூற்றாண்டில் இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் எழுந்த எழுப்புதல்களில், அதாவது பக்தி விழிப்பு அலைகளில், உருப்பெற்றது.

டேவிட் பெபிங்டன் என்ற பிரிட்டிஷ் வரலாற்றாசிரியர் 1989-இல் இந்தப் போக்குக்கு நான்கு அடையாளங்கள் சொன்னார்: வேதாகமத்துக்கு உச்ச அதிகாரம் தருவது, இயேசுவின் சிலுவை மரணத்தை மையமாக வைப்பது, ஒவ்வொருவரும் மனந்திரும்பியாக வேண்டும் என்பது, நம்பியதைச் செயலில் காட்டுவது. ஆய்வாளர்கள் இன்றும் இதைத்தான் மேற்கோள் காட்டுகிறார்கள். ஆனால் பாலக்கோட்டில் ஒரு விசுவாசியிடம் போய்க் கேட்டால் இந்த வரிசையில் சொல்லமாட்டார். பாவத்தில்தான் தொடங்குவார். நாமும் அங்கேயே தொடங்கலாம்.

பாவம் என்றதும் களவு, பொய், குடி என்று ஒரு பட்டியல் மனதில் ஓடும். இவர்கள் போதனையில் அவையெல்லாம் வெளியே தெரியும் காய்ப்புகள். வேர் உள்ளே இருக்கிறது. தன்னைப் படைத்தவரை விட்டு விலகி, தன் விருப்பத்தையே கடவுளின் இடத்தில் வைத்துக்கொண்ட நிலை – அதுதான் பாவம். ஆதியாகமம் மூன்றாம் அதிகாரத்தில் வரும் ஆதாம் ஏவாள் கதையை மனிதகுலம் முழுவதன் கதையாக அவர்கள் வாசிக்கிறார்கள். “எல்லாரும் பாவஞ்செய்து, தேவமகிமையற்றவர்களானார்கள்” என்ற ரோமர் நிருபத்தின் (இயேசுவின் அப்போஸ்தலரான, அதாவது தூதரான பவுல் எழுதிய கடிதம்) கருத்து (3:23) இதிலிருந்து வருகிறது. ‘எல்லாரும்’ என்பதில்தான் அழுத்தம். ஊரில் நல்லவர் என்று பெயரெடுத்தவரும் இதில் அடக்கம்.

கேட்பவருக்குச் சுருக்கென்று தைக்கும் இடமும் இதுவே. யார் குடியையும் கெடுக்காமல், கடன் வாங்கினால் நாள் தவறாமல் திருப்பிக்கொடுத்து வாழும் பெரியவரைப் பார்த்து ‘நீங்கள் பாவி’ என்றால் கோபம் வராமல் என்ன செய்யும்? சொல்பவர், ‘நானும் அப்படித்தான், எங்கள் போதகரும் அப்படித்தான்’ என்பதைச் சேர்த்துச் சொல்ல மறந்துவிடுகிறார். அந்த இரண்டாம் பாதி இல்லாமல் முதல் பாதியைச் சொன்னால் அது போதனை ஆகாது, வசவு.

இன்னொரு இடத்திலும் நம் வழக்கமான எண்ணத்தோடு இது மோதுகிறது. பாவ புண்ணியத்தை ஒரு கணக்காகத்தான் நாம் பேசுகிறோம். அன்னதானம், திருப்பணி, ஏழைப் பெண்ணின் கல்யாணத்துக்கு உதவி என்று புண்ணியம் ஏற ஏற, பாவம் கழியும். இந்த எண்ணம் இந்துக்களுக்கு மட்டும் உரியதன்று. ஞாயிறு தவறாமல் ஆலயத்துக்குப் போய்க் காணிக்கை போடும் கிறிஸ்தவர்கள் பலரின் அடிமனதிலும் இதுதான் இருக்கிறது. சுவிசேஷப் போதனை இந்தக் கணக்குப் புத்தகத்தையே மூடிவிடுகிறது. நற்செயல் நல்லதுதான், ஆனால் அதைக் கொடுத்துக் கடவுளின் மன்னிப்பை வாங்க முடியாது என்கிறது. அப்படியானால் மன்னிப்பு எங்கிருந்து வருகிறது?

சிலுவையிலிருந்து. கி.பி. 30 வாக்கில், பொந்தியு பிலாத்து யூதேயாவின் ரோம ஆளுநராக இருந்தபோது, எருசலேமில் இயேசு சிலுவையில் அறையப்பட்டார். இது வரலாறு, கிறிஸ்தவர் அல்லாத ஆய்வாளர்களும் பெரும்பாலும் ஏற்பது. அந்த மரணத்துக்கு என்ன பொருள் என்பதில்தான் கொள்கை தொடங்குகிறது. இதை விளக்க நம் மண்ணிலேயே ஒரு கைப்பிடி இருக்கிறது. தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் வயலோரத்திலும் ஏரிக்கரையிலும் நடுகற்கள் நிற்கின்றன. பகைவர் கவர்ந்துபோன ஆநிரையை மீட்கப் போய் உயிர்விட்டவனுக்கு ஊர் எடுத்த கல். பல ஊர்களில் அதையே வேடியப்பன் என்று கும்பிடுகிறார்கள். தருமபுரி அருங்காட்சியகத்துக்குப் போனால் கையில் வில்லும் வாளுமாக நிற்கும் அந்த வீரர்களைப் பக்கத்தில் நின்று பார்க்கலாம். ஒருவன் இறந்ததால் மற்றவர்கள் வாழ்கிறார்கள், அந்தக் கடனை ஊர் மறப்பதில்லை. ஒருவர் பலருக்காக உயிர்கொடுப்பது என்ற எண்ணம் இந்த மண்ணுக்குப் புதிதல்ல.

இதுவரை ஒப்புமை பொருந்துகிறது. பொருந்தாத இடங்கள்தான் அதிகம் கற்றுத்தருகின்றன. நடுகல் வீரன் போரிட்டு இறந்தான். இயேசு தம்மைப் பிடிக்க வந்தவர்களுக்கு எதிராக வாளெடுத்த சீடனையே தடுத்தார். வீரன் தன் ஊருக்காக, தன் சனத்துக்காக இறந்தான். பவுல் அப்போஸ்தலன் ரோமர் ஐந்தாம் அதிகாரத்தில் சொல்வதோ தலைகீழ்: நாம் பகைவர்களாக இருந்தபோதே கிறிஸ்து நமக்காக மரித்தார். அதாவது ஆநிரை கவர்ந்த கூட்டத்துக்காகவே ஒருவர் உயிர்கொடுத்தது போல. அடுத்தது இன்னும் முக்கியம். வீரனின் சாவில் யாருடைய குற்றமும் அவன்மேல் ஏற்றப்படவில்லை. சிலுவையில் மனிதரின் குற்றத்துக்கு உரிய தண்டனையை இயேசு தம்மேல் ஏற்றுக்கொண்டார் என்பது சுவிசேஷ நம்பிக்கையின் உயிர்நாடி. கடவுள் நீதியுள்ளவர், ஆகவே குற்றத்தைக் கண்டும் காணாமல் விடமாட்டார். கடவுள் அன்புள்ளவர், ஆகவே குற்றவாளியைக் கைவிடவும் மாட்டார். இந்த இரண்டும் சிலுவையில் சந்திக்கின்றன என்பார்கள். ஒருவரின் தண்டனையை இன்னொருவர் ஏற்பது எப்படி நியாயமாகும் என்ற கேள்வி எழும். கிறிஸ்தவ இறையியலாளர்களுக்குள்ளேயே பல நூற்றாண்டுகளாக நடக்கும் விவாதம் அது. சுவிசேஷப் போதகர்கள் தரும் பதில்: தண்டனையை ஏற்றவர் யாரோ மூன்றாம் மனிதர் அல்ல, தீர்ப்பளிக்க வேண்டிய கடவுளே மனிதராக வந்து ஏற்றார். இயேசுவை வெறும் குருவாகவோ தீர்க்கதரிசியாகவோ ஏற்பது போதாது என்று அவர்கள் விடாப்பிடியாக நிற்பதற்குக் காரணம் இந்தப் பதில்தான். அவர் கடவுள் இல்லையென்றால் மொத்த வாதமும் சரிந்துவிடும்.

கடைசி வேறுபாடு: வீரன் திரும்பி வரவில்லை என்பதற்குத்தான் கல் நிற்கிறது. இயேசு மூன்றாம் நாள் உயிரோடு எழுந்தார், கல்லறை காலியாக இருந்தது என்று இவர்கள் நம்புகிறார்கள். உருவகமாக அல்ல, உடலோடு. கிறிஸ்து எழுந்திராவிட்டால் எங்கள் பிரசங்கமும் வீண், உங்கள் விசுவாசமும் வீண் என்று பவுலே எழுதிவைத்தார் (1 கொரிந்தியர் 15). தன் மதம் பொய்யாவதற்கு என்ன நடந்தாக வேண்டும் என்பதை இவ்வளவு வெளிப்படையாகச் சொன்ன வேதவரிகள் அதிகம் இருக்காது என்பது என் எண்ணம்.

சரி, சிலுவையில் நடந்தது பென்னாகரத்தில் வாழும் ஒருவருக்கு எப்படிச் சேரும்? விசுவாசத்தால் மட்டும் என்பது பதில். எபேசியர் 2:8 இதற்கு அடிப்படை: கிருபையினாலே, விசுவாசத்தைக்கொண்டு இரட்சிக்கப்பட்டீர்கள், இது உங்களால் உண்டானதல்ல, தேவனுடைய ஈவு. கிருபை என்றால் தகுதி பாராமல் கிடைக்கும் தயவு. விசுவாசம் என்றால் ‘கடவுள் இருக்கிறார்’ என்று ஒப்புக்கொள்வது மட்டுமல்ல. இனி என் நல்ல பெயரை நம்பி நிற்கமாட்டேன், கிறிஸ்துவை நம்பி நிற்கிறேன் என்று சாய்ந்துவிடுவது. அந்த நொடியில் கடவுள் அவரை நீதிமானாக அறிவிக்கிறார். ஆகவேதான் ‘இரட்சிக்கப்பட்டீர்களா’ என்று முடிந்த காரியமாகக் கேட்கிறார்கள். வாழ்நாள் முழுக்க உழைத்துக் கடைசியில் தெரியவரும் தேர்வு முடிவாக இரட்சிப்பை அவர்கள் பார்ப்பதில்லை.

இந்தக் கொள்கையை முன்னிறுத்தித்தான் ஜெர்மனியில் மார்ட்டின் லுத்தர் ரோமத் திருச்சபையோடு மோதினார். 1517-இல் பாவமன்னிப்புச் சீட்டு வியாபாரத்துக்கு எதிராக அவர் வெளியிட்ட 95 கருத்துகளிலிருந்து தீ பற்றியது. கத்தோலிக்கர்கள் கிருபையை நம்பாதவர்கள் என்று சில மேடைகளில் முழங்குவதைக் கேட்டால் அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். உலக லுத்தரன் கூட்டமைப்பும் கத்தோலிக்கத் திருச்சபையும் 1999-இல் இதே பொருளில் ஒரு கூட்டு அறிக்கையில் கையெழுத்திட்டன. வேறுபாடு இன்னும் உண்டு, ஆனால் மேடையில் சொல்லுமளவு எளிதானதல்ல.

‘எல்லாம் இலவசம் என்றால் எப்படி வேண்டுமானாலும் வாழலாமா?’ முதன்முறை கேட்பவர் எல்லோரும் கேட்கும் கேள்வி. முதல் நூற்றாண்டிலேயே கேட்டிருக்கிறார்கள்; ரோமர் ஆறாம் அதிகாரம் இந்தக் கேள்வியோடுதான் ஆரம்பிக்கிறது. கிரியை இல்லாத விசுவாசம் செத்தது என்கிறது யாக்கோபின் நிருபம். நற்செயல் இரட்சிப்பின் விலை அல்ல, விளைவு. இரட்சிக்கப்பட்டதாகச் சொல்லிக்கொண்டு வட்டிக்கு வட்டி வாங்குபவரைப் பற்றிப் பக்கத்து வீட்டார் சந்தேகப்பட்டால், சுவிசேஷப் போதனையின்படியே அது நியாயமான சந்தேகம்.

விசுவாசம் பிறக்கும் அந்தத் திருப்பத்தை ‘மறுபடியும் பிறத்தல்’ என்கிறார்கள். யோவான் மூன்றாம் அதிகாரத்தில் நிக்கொதேமு என்ற யூத மதத்தலைவரிடம் இயேசு சொன்ன சொல். இங்கே கவனிக்க வேண்டியது, அது மதம் தெரியாத ஒருவரிடம் சொல்லப்படவில்லை, வேதத்தைக் கரைத்துக் குடித்தவரிடம் சொல்லப்பட்டது. ஆகவே கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்ததாலேயே ஒருவர் கிறிஸ்தவர் ஆகிவிடமாட்டார் என்பது இவர்கள் கொள்கை. ஜான் வெஸ்லி இதற்குப் புகழ்பெற்ற எடுத்துக்காட்டு. ஆங்கிலிக்கன் எனப்படும் இங்கிலாந்துத் திருச்சபையின் குருவாகி, அமெரிக்காவுக்கு மிஷனரியாகப் போய்த் திரும்பிய பிறகுதான், 1738 மே 24 அன்று லண்டனில் ஒரு கூட்டத்தில் தன் பாவம் மன்னிக்கப்பட்டது என்ற நிச்சயம் அவருக்கு வந்தது. மெதடிஸ்ட் இயக்கம் அவரிடமிருந்து வளர்ந்தது.

நம் சபைகளில் இந்த அனுபவத்தை எழுந்து நின்று சொல்வதற்குச் ‘சாட்சி’ என்று பெயர். குடியை விட்ட கதை, தற்கொலை எண்ணத்திலிருந்து மீண்ட கதை, நோய்ப்படுக்கையில் ஜெபித்த கதை என்று வரும். பல சாட்சிகள் உண்மையில் நெஞ்சைத் தொடும். சிலருக்கு மட்டும், பழைய வாழ்க்கையை எவ்வளவு கறுப்பாகத் தீட்டுகிறோமோ அவ்வளவு புதிய வாழ்க்கை வெளுக்கும் என்ற நினைப்பு. இதில் சங்கடப்படுவது விசுவாச வீட்டில் பிறந்து, ஓய்வுநாள் பாடசாலையில் வசனம் ஒப்பித்து வளர்ந்த பிள்ளைகள். இரட்சிக்கப்பட்ட தேதி கேட்டால் அவர்களுக்குச் சொல்லத் தெரியாது. தேதி முக்கியமில்லை, இப்போது யாரை நம்பி இருக்கிறாய் என்பதே முக்கியம் என்று நிதானமான போதகர்கள் சொல்லிவிடுகிறார்கள்.

இதையெல்லாம் எந்த ஆதாரத்தில் சொல்கிறார்கள் என்றால், வேதாகமம். பழைய ஏற்பாட்டில் 39, புதிய ஏற்பாட்டில் 27, ஆக 66 நூல்கள். கத்தோலிக்கர்களின் விவிலியத்தில் 73. இவை தேவ ஆவியினால் அருளப்பட்டவை, விசுவாசத்திலும் வாழ்க்கையிலும் இதற்கு மேல் வேறு அதிகாரம் இல்லை என்பது கொள்கை. ஒவ்வொரு சொல்லும் பிழையற்றது என்பாரும் உண்டு; இரட்சிப்பு குறித்த காரியங்களில் தவறாது என்று நிறுத்திக்கொள்வாரும் உண்டு. எந்தப் பக்கமானாலும் ஒரு விளைவு பொது: சாதாரண விசுவாசி தானே வாசித்தாக வேண்டும். 1706-இல் தரங்கம்பாடிக்கு வந்த ஜெர்மானிய லுத்தரன் மிஷனரி சீகன்பால்கு தமிழ் கற்று, சில ஆண்டுகளிலேயே புதிய ஏற்பாட்டை அச்சிட முனைந்தது இந்த அவசரத்தால்தான். 1715-இல் அது அச்சாகி முடிந்தது. ஞாயிறு காலையில் கையில் வேதாகமத்தோடு போகிறவர்களைப் பார்த்தால் சுவிசேஷ சபைக்குத்தான் போகிறார்கள் என்று பெரும்பாலும் சொல்லிவிடலாம். பிரசங்கம் நீளமாக இருப்பதற்கும் காரணம் இதுவே. ஒரே வசனத்தை முன்பின் பார்க்காமல் பிடுங்கி, புத்தாண்டு வாக்குத்தத்தமாக (கடவுளின் வாக்குறுதியாக)ச் சட்டமிட்டு மாட்டும் பழக்கம் எனக்குப் பிடிப்பதில்லை. புத்தகத்தை இவ்வளவு மதிப்பவர்கள் அதை இப்படித் துண்டு போடலாமா?

திரித்துவம், அதாவது பிதா, குமாரன், பரிசுத்த ஆவி என மூவராக இருக்கும் ஒரே கடவுள் என்பது சுவிசேஷக்காரர்களுக்கு மட்டும் உரியதல்ல. 325-இல் நிசேயாவில் கூடிய சங்கத்தின் காலத்திலிருந்து பெரும்பான்மைத் திருச்சபைகள் எல்லாவற்றுக்கும் பொது. மூன்று கடவுள்கள் என்று மட்டும் புரிந்துகொள்ள வேண்டாம்.

ஞானஸ்நானத்தில் இவர்களுக்குள்ளேயே கருத்து வேறுபாடு. சி.எஸ்.ஐ., லுத்தரன் சபைகள் குழந்தைகளுக்கும் கொடுக்கின்றன. பெந்தெகொஸ்தே, பாப்டிஸ்ட் சபைகள் தானாக நம்பி அறிக்கையிட்டவருக்கு மட்டும், அதுவும் தண்ணீரில் முழுக்கித்தான் கொடுக்கும்; ஆற்றிலோ ஏரியிலோ சபைக்குள் கட்டிய தொட்டியிலோ நடக்கும். அந்நியபாஷையில் பேசுவது, அதாவது ஆவியின் ஏவுதலால் தான் கற்காத மொழியில் பேசுவது, 1906-இல் லாஸ் ஏஞ்சல்ஸில் தொடங்கிய எழுப்புதலுக்குப் பின் உலகெங்கும் பரவிய பெந்தெகொஸ்தே அடையாளம். அதைப் பேசாதவர்களும் முழு சுவிசேஷ விசுவாசிகளே.

எல்லாரும் பாவிகள், எல்லாருக்கும் ஒரே கிருபை என்ற கொள்கையிலிருந்து ஒன்று தானாகவே வரவேண்டும்: சபைக்குள் சாதி இருக்கக்கூடாது. ஆனால் கிறிஸ்தவ மணமகள் தேவை விளம்பரங்களை எடுத்துப் பாருங்கள். ‘இரட்சிக்கப்பட்ட’ என்ற சொல்லுக்குப் பக்கத்திலேயே சாதிப் பெயர் உட்கார்ந்திருக்கும். கொள்கையின் குறை அல்ல இது. அதைப் பிரசங்கித்துவிட்டு வீட்டு வாசலில் கழற்றி வைப்பவர்களின் குறை.

அடுத்தவரிடம் ஏன் சொல்கிறார்கள் என்பதுதான் வெளியே இருப்பவர்களை அதிகம் உறுத்துவது. சகல ஜாதிகளையும் (இங்கே ஜாதி என்பது சாதி அல்ல, உலகின் மக்களினங்கள்) சீஷராக்குங்கள் என்று மத்தேயு நூலின் இறுதியில் இயேசு சொன்னதைக் கட்டளையாகவே எடுத்துக்கொள்கிறார்கள். அரசியல் சாசனத்தின் 25-ஆவது பிரிவு மதத்தைப் பின்பற்றவும் பரப்பவும் உரிமை தருகிறது. பரப்பும் உரிமை என்பது பிறரை மதம் மாற்றும் உரிமை ஆகாது என்று 1977-இல் உச்ச நீதிமன்றம் கூறியது. சட்டம் ஒருபுறம் இருக்கட்டும். மறுபிறப்பைப் பரிசுத்த ஆவியானவரே தருகிறார், மனிதன் தர முடியாது என்பது இவர்கள் சொந்தக் கொள்கை. அப்படியிருக்க அரிசி மூட்டையையோ பள்ளிக் கட்டணத்தையோ காட்டி ஒருவரை அழைப்பவர், சட்டத்தை மீறும் முன்பே தன் வேதத்தை மீறிவிடுகிறார்.

இயேசு திரும்பி வருவார், நியாயத்தீர்ப்பு உண்டு, நம்பியவருக்கு நித்திய ஜீவன் என்பது மற்றொரு அடிப்படை. எப்போது என்பது யாருக்கும் தெரியாது என்று மத்தேயு 24 தெளிவாகவே சொல்கிறது. அப்படியும் வில்லியம் மில்லர் என்ற அமெரிக்கரைப் பின்பற்றியவர்கள் 1844 அக்டோபர் 22 அன்று இயேசு வருவார் என்று காத்திருந்து ஏமாந்தார்கள். இன்றும் போர்ச் செய்தி வந்தால் தேதி குறிக்க ஆள் கிளம்பிவிடுகிறது. அதேபோல, ‘காணிக்கை கொடு, கர்த்தர் இரட்டிப்பாகத் தருவார், வியாபாரம் பெருகும்’ என்னும் செழிப்பு உபதேசமும் மேலே சொன்ன அடிப்படைகளில் சேராது. கடவுளிடம் எதையும் கொடுத்து வாங்க முடியாது என்ற கிருபைக் கொள்கைக்கே அது நேர் எதிர். சுவிசேஷத் தலைவர்கள் பலர் அதை வெளிப்படையாகக் கண்டித்திருக்கிறார்கள்.

மேலும் தெரிந்துகொள்ள விரும்புகிறவர், வேதாகமத்தின் கடைசி நூலான வெளிப்படுத்தின விசேஷத்தை எடுத்துத் திணற வேண்டாம். மாற்கு சுவிசேஷத்தில் தொடங்கலாம், பதினாறே அதிகாரங்கள். பிறகு ரோமர் நிருபத்தின் முதல் எட்டு அதிகாரங்கள். சபைக்குப் போய்ப் பார்க்க நினைத்தால் தடை ஒன்றும் இல்லை. பல இடங்களில் செருப்பை வெளியே விட்டுப் பாயில் அமர வேண்டும், ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனிப் பக்கம் இருக்கும். அப்பமும் திராட்சரசமும் வரும் திருவிருந்து பொதுவாக ஞானஸ்நானம் பெற்றவர்களுக்கு உரியது. எடுக்காமல் அடுத்தவரிடம் நகர்த்திவிடலாம், யாரும் தவறாக நினைக்கமாட்டார்கள். காணிக்கைப் பைக்கும் அதே விதிதான்.